முன்கூடைக்கு ஒரு துணியுறை

அம்மிணி,

நீ போனில் கேட்டது சின்ன விஷயம். நீ புதிதாக வாங்கிய செகண்ட்ஹேண்ட் சைக்கிளின் முன்னால் இருக்கும் கம்பிக் கூடைக்குள் போட ஒரு துணியுறை வேண்டும் என்றாய். கம்பிகளின் சந்து வழியாகச் சாவியும் எலுமிச்சம்பழமும் நழுவி ரோட்டில் விழுந்துவிடுகின்றன என்றாய். இதற்குப் பதில் எழுத எனக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. பேச ஆரம்பித்தால் நான் எங்கெங்கோ போய் நிற்பேன் என்பது உனக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசை போட்டுவிடுகிறேன்.

1. நீ அனுப்பிய அளவுகளில் எனக்கு உள்ள சந்தேகம்.
2. எந்தத் துணி, ஏன்.
3. வெட்டுவதும் தைப்பதும்.
4. ஒன்பதாம் வகுப்பில் நீ சைக்கிளிலிருந்து விழுந்தது.
5. உறையைக் கூடையில் கட்டும் முறை.
6. மெதுவாக ஓட்டு.

நான்காவது இந்த வரிசைக்குள் எப்படி வந்தது என்று நீ யோசிப்பாய். அது இல்லாமல் மற்ற ஐந்தையும் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் துணியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதனால்தான் அதற்கும் ஓர் எண் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

முதலாவது. நீ அனுப்பியது மூன்று அளவுகள்: நீளம் முப்பத்தைந்து, அகலம் இருபத்தாறு, ஆழம் இருபத்தைந்து சென்டிமீட்டர். ஆனால் நீ அனுப்பிய படத்தில் கூடை மேலே விரிந்தும் கீழே ஒடுங்கியும் தெரிகிறது. அப்படியானால் வாய்க்கு இரண்டு அளவு, அடிக்கு இரண்டு அளவு, ஆழம் ஒன்று என்று ஐந்து இருக்க வேண்டும். நீ அளந்தது வாயையா, அடியையா? இதைப் போனில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். போனில் பேசினால் இன்னொன்றையும் சொல்ல வேண்டி வரும் என்று பயந்துகொண்டு கேட்காமல் இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாக டேப்பை எடுத்துக்கொண்டு நம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். வெளியே தொங்கிய ஏழு கூடைகளையும் ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்கறீங்களாங்க, அளக்கறீங்களாங்க?" என்று கேட்டார். "அளக்கறேங்க" என்றேன். "அளங்க, அளங்க. அளந்தா தேயவா போவுது" என்று சொல்லி எனக்கு ஒரு ஸ்டூலும் போட்டார். ஏழு கூடைகளிலும் அடி, வாயைவிட நான்கு விரல் குறுகல்தான். ஆகவே நீ அளந்தது வாயைத்தான் என்று வைத்துக்கொண்டு அடியைக் குறைத்திருக்கிறேன். தவறாக இருந்தால், வாயில் சுருக்கிக் கோத்திருக்கும் நாடாவைத் தளர்த்திச் சரி செய்துகொள்ளலாம். எனக்கு என் கணக்கில் முழு நம்பிக்கை வந்ததே இல்லை என்பதால்தான் நாடா.

இரண்டாவது, துணி. அதைச் சொல்லும் முன் ஒரு வார்த்தை. முப்பத்தோரு வருடம் நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவன். விளக்குப் போட்ட மேசையில் துணியை விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன கண்ணி எங்கே என்று தேடுவதும், கண்ட இடத்தில் நகமளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவதும்தான் வேலை. பிழையை நாங்கள் அழிப்பதில்லை, காட்டுவதோடு சரி. அப்படிப்பட்ட எனக்கு வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. அலமாரியில் சிங்கிள் ஜெர்சி, ரிப் என்று பின்னிய பனியன் துணி கட்பீஸாக ஒரு மூட்டை இருக்கிறது. அதில் எதையும் தொடாமல், நெய்த துணி வாங்கக் காதர்பேட்டைக்குப் போனேன். அங்கே யூசுப் பாய் என்று ஒருவர், பழைய பழக்கம், மிச்சத் துணி வியாபாரம். நான் கேட்டதும் பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காலமெல்லாம் பனியன் துணியில குத்தம் கண்டுபுடிச்ச சார், இன்னிக்கு நெசவுத் துணி கேக்கறாரு. சாயங்காலம் மழ உண்டுங்க."

பிறகு அடுக்கின் அடியிலிருந்து ஒரு தடித்த காடாத் துணியை உருவி என் கையில் ஒரு முனையைக் கொடுத்தார். "சாமளாபுரத்துத் தறியில ஓடினது. நம்ம பனியன் துணி பாசக்காரத் துணிங்க, இழுத்தா கூடவே வந்துரும். இத இழுங்க பாக்கலாம்." இழுத்தேன். வரவில்லை. அவர் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் கயிறு இழுப்பதைப் போல நின்றோம். "என்ன சார், ஒரு கூடைக்குள்ள போடறதுக்கு இத்தன சோதனையா?" என்றார். "மகளுக்குங்க" என்றேன்.  அந்தத் துணி வராமல் நின்ற கணத்தில், பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு முறை இழுத்துப் பார்த்திருந்தால் என்று தோன்றிவிட்டது.

ஆகவே நான்காவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பொறுத்துக்கொள்ளட்டும்.

நீ ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தபோது சைக்கிள் கைப்பிடியில் மாட்ட ஒரு பை தைத்துக் கொடுத்தேன், நினைவிருக்கும். நீல நிறம், வெள்ளை நாடா. டிபன், தண்ணீர் பாட்டில், கணக்கு நோட்டு மூன்றும் அதில் போகும். கம்பெனியில் ஒதுக்கிய சிங்கிள் ஜெர்சியில் தைத்தேன். தைப்பதற்கு முன் துணியில் ஐம்பது சென்டிமீட்டர் கோடு போட்டு, மூன்று முறை துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தேன். எங்கள் வேலையில் பெரிய பயம் அதுதான். கடல் தாண்டிப் போன சட்டை முதல் துவையலில் சுருங்கிவிட்டால் கம்பெனி தலைகுனிய வேண்டும். துணி குறைந்துவிடும் என்று பயந்தே பிழைத்தவனுக்கு, அது நீளும் என்று தோன்றவில்லை. பையின் அடி, சக்கரத்தின் மேல்விளிம்புக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி கணக்குப் போட்டுத்தான் மாட்டினேன். அன்றைக்கு அப்படித்தான் நின்றது. நெய்த துணியில் நூல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே போய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பின்னல் துணியோ முழுக்கக் கண்ணிகள், நூல் வளையங்கள். பாரம் ஏறினால் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் நீளும். உடம்புக்கு அது சுகம். கைப்பிடியில் தொங்கினால், தினம் ஒரு நூலளவு கீழே இறங்கும்.

நீ விழுந்த அன்று காலையில் மழை பெய்திருந்தது. பை நனைந்து இன்னும் இறங்கியிருக்கிறது. பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடச் சந்துக்குள் நீ திரும்பியபோது அது ஆடிப்போய்ச் சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்துவிட்டது. நான் கம்பெனியிலிருந்து ஓடி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் சாமான்களைக் குவித்து வைத்திருந்தார்கள். மேலாக அந்தப் பை. அடிப்பக்கம் கம்பிகள் கடித்து நார்நாராகக் கிழிந்திருந்தது. எனக்கு ஒரு விநாடியில் புரிந்துவிட்டது. பிழை கண்டுபிடிப்பதில் நான் என்றைக்கும் மந்தம் இல்லை. உன்னைத் தூக்கி வந்த டீக்கடைக்காரர் பக்கத்தில் நின்று, "பாப்பா மெதுவாத்தானுங்க வந்துச்சு. சக்கரம் பொசுக்குனு நின்னு போச்சு" என்றார். அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னேன். பிறகு பையைச் சுருட்டி என் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உனக்குத் தாடையில் தையல் போட்டு முடித்திருந்தார்கள். இடது மணிக்கட்டுக்குக் கட்டுப் போட வேண்டும் என்றார்கள். டாக்டர் தலை நிமிராமல், "எப்படி விழுந்தாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "வேகமா வந்திருக்காங்க சார்." உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருக்கப் போவதில்லை. இன்னும் நாலு தையல் கூடுதலாகப் போட்டிருக்கவும் போவதில்லை. வெறும் பழக்கம். அடுத்தவர் பிழைக்கு நேராக அம்பு ஒட்டியே பழகிய கை, தன்னை நோக்கித் திரும்பத் தெரியாமல் உன் மேல் ஒட்டிவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். "ஆமாங்க, கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்" என்றாய். உனக்கு நடந்தது தெரியவில்லை, அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாய். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் நான் அதையே சொன்னேன். சைக்கிளைத் தாராபுரத்தில் உன் அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பையை மட்டும் என்னால் எறிய முடியவில்லை. இன்னும் இருக்கிறது.

சொல்லியிருக்கலாம் என்று தோன்றிய நாள்கள் பல. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் உன் தோழிகள் அவிநாசிக்குச் சைக்கிளில் போனார்கள், நீ மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு வண்டியில ஏறினா வேகம் அடங்காதுங்கப்பா" என்றாய். ஸ்கூட்டி பழகச் சொன்னபோதும் அதையேதான் சொன்னாய். நான் கட்டிச் சொன்ன கதை உன் சுபாவமாகவே ஆகிவிட்டிருந்தது.  இப்போது அங்கே பஸ்ஸுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருப்பதால் துணிந்து சைக்கிள் வாங்கிவிட்டாய். போனில் என்னைத் தேற்றுவதற்காக நீ சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "பயப்படாதீங்கப்பா. அன்னிக்கு மாதிரி வேகமெல்லாம் இல்லீங்க. நடக்கறவங்களே என்னைத் தாண்டிப் போயிருவாங்க. நாலு ரோடு வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போறேன்." ஐந்து வாரம் ஆனது துணிக்காக இல்லை, அந்த வாக்கியத்துக்காக.

அன்றைக்கு நீ வேகமாக வரவில்லை, அம்மிணி. நான் தைத்த பைதான் உன்னை விழவைத்தது. அது தெரிந்தும் நான் மாற்றிச் சொன்னேன்.

இதை எழுதுவதற்கு முன் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. உனக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் என் ஊகத்தை ஒரு முறைகூட நான் சோதித்துப் பார்த்ததில்லை. அதே அளவில் அதே ரகத் துணியில் இன்னொரு பை தைத்து, உன் பழைய நோட்டுகளையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் போட்டு, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். சுவரில் பென்சிலால் கோடு. தினம் காலையில் ஒரு கோடு. உன் அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஜன்னல்ல என்னத்தக் கட்டித் தொங்க உட்டிருக்கீங்க? கண்ணு படாம இருக்கறதுக்கா?"

"சோதனை."

"பைக்கா, உங்களுக்கா?"

 நான்காம் நாளில் பை மூன்று விரல் இறங்கியிருந்தது. எட்டாம் நாளில் இன்னும் அரை விரல். அதோடு நின்றுவிட்டது. கணக்குப்படி நான்கு விரல் வேண்டும். ஒருவேளை பை காரணம் இல்லையோ என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மழை ஞாபகம் வந்து ஒரு செம்புத் தண்ணீரைப் பையின் மேல் ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டைத் தாண்டி ஐந்தாவது விரலுக்கு இறங்கியது. அன்று மத்தியானம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. உருவிய காம்புகளை ஒதுக்கிவிட்டு, "உன்ற வேகத்துக்கு உனக்கு வேணும்னு எத்தன தடவ அவளப் பேசியிருப்பேன். அந்தப் பேச்சையெல்லாம் இப்ப எங்க போயிப் பொறுக்கறதுங்க?" என்றாள். மன்னித்துவிடு என்றேன். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது. அவகிட்டச் சொல்லுங்க. எனக்கும் சேத்துச் சொல்லுங்க." இதோ, இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். தைத்த உறையோடு செய்தித்தாளில் வெட்டிய அளவையும் மடித்து வைத்திருக்கிறேன். உறை கிழிந்தால் நீயே இன்னொன்று தைத்துக்கொள்ளலாம். அடிக்கு ஒரு துண்டு, நான்கு பக்கத்துக்கு நான்கு துண்டு. பக்கத் துண்டுகள் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் விடு. அடியை மட்டும் இரட்டைத் துணியாகப் போடு. முதலில் நான்கு பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, கடைசியில் அடியைப் பொருத்து. நான் அடியை முதலில் தைத்து இரண்டு முறை பிரித்தேன். வாய் விளிம்பு மூன்று அங்குலம் வெளியே மடிந்து கம்பியை மூட வேண்டும். உங்கள் ஊரில் மழை நினைத்தபோது பெய்யும் என்றாய். அதனால் அடியில் நான்கு வளையத் துளைகள் அடித்திருக்கிறேன், தண்ணீர் வடிந்துவிடும். சாவியை மட்டும் துளைப்பக்கம் போடாதே. அதற்கென்று உள்ளே ஒரு சின்னப் பை இருக்கிறது. நிறம் பழுப்புதான். சாயம் போடாத துணியே கிடைத்தது. உனக்கு நீலம் பிடிக்குமே என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது சுருக்கமானது. நான்கு மூலையிலும் நாடா இருக்கிறது. கூடைக் கம்பியைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டு, முனைகளை மடிப்புக்கு உள்ளே செருகிவிடு. எதுவும் வெளியே தொங்கக் கூடாது. எவ்வளவு குட்டையாக இருந்தாலும் தொங்கக் கூடாது. கைப்பிடியில் எந்தப் பையையும் மாட்டாதே, கடையில் கொடுக்கும் பையானாலும் சரி. இதில் நான் யாரிடமும் விவாதத்துக்குத் தயாராக இல்லை.

ஆறாவது, மெதுவாக ஓட்டு என்பது. இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லா அப்பாக்களும் எழுதுவதுதான் என்று நினைத்திருந்தேன். பார்சல் கட்டுவதற்கு முன் உறையை ஒரு கூடையில் போட்டு, பாரத்தோடு ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நேற்றுக் காலை தோன்றியது. பக்கத்து லைன் வீட்டில் மனோஜ் என்று ஒருவன், ஒடிசாக்காரன், மனைவியும் அவனும் ஒரே கம்பெனியில் வேலை. அவன் சைக்கிளில் உன் கூடையைப் போலவே ஒன்று இருக்கிறது. அவன் தமிழ் கற்றது கம்பெனி சூப்பர்வைசர்களிடம். அவர்கள் யாரும் அவனிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை, ஆகவே அவன் தமிழிலும் அது இல்லை. உறையைக் கட்டி, இரண்டு கிலோ வெங்காயமும் தண்ணீர் பாட்டிலும் வைத்து, ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னேன். அவன் சைக்கிளை என் பக்கம் திருப்பி, "உன் மகளுக்கு தானே? நீ ஓட்டு சார்" என்றான்.

நான் சைக்கிளை விட்டு எத்தனை வருடம் என்று உனக்குத் தெரியும். உன் சைக்கிளோடு என்னுடையதும் தாராபுரம் போய்விட்டது. ஏறினேன். கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நாற்பதடி இருக்கும். மிக மெதுவாக, உனக்குச் சொல்ல இருந்த அதே மெதுவில் ஓட்டினேன். தொட்டியை அடைவதற்குள் மூன்று முறை காலை ஊன்றினேன். கைப்பிடி இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது, வெங்காயம் உருள்கிறது. உன் அம்மா வாசலில் நின்று, "கூடைக்கு ஒறை தைக்கறேன்னு ஆரம்பிச்சுச் சர்க்கஸுல வந்து நிக்கறீங்க" என்றாள். மனோஜ் கூடவே ஓடி வந்தான். "சார், மெதுவா போனா விழும். மிதி. பயம் வந்தா இன்னும் மிதி."

மிதித்தேன். நான்கைந்து மிதிதான். சைக்கிள் தானாக நிமிர்ந்து நேராகப் போனது. கைப்பிடியைப் பிடித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை போல இருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடி சோதித்தேன். மெதுவாக ஐந்து சுற்று, மனோஜ் சொன்ன வேகத்தில் ஐந்து சுற்று. மெதுவில் பதினோரு முறை கால் ஊன்ற வேண்டி வந்தது. வேகத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு நாய் படுத்திருந்ததால். ஏன் அப்படி என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்தவன், இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருப்பேன். ஆனால் அறுபத்தெட்டு வயதில் வெங்காயத்தோடு ஓட்டும்வரை அது உண்மை என்று தெரியவில்லை. பதினோராவது சுற்றை எதற்காகப் போனேன் என்று நோட்டில் எழுதவில்லை. பிடித்திருந்தது, போனேன்.

ஆகவே ஆறாவது தவறு. முதல் பக்கத்தைக் கிழித்து வேறு எழுதியிருக்கலாம். ஆனால் அப்படி மாற்றி எழுதுவதை நான் நிறுத்த வேண்டும். என் மேசை டிராயரில் பழைய ஸ்டிக்கர் அட்டை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து ஆறாவது வரிக்கு நேராக ஒட்டியிருக்கிறேன், பார். என் கையெழுத்துக்கு நேராக நானே ஒட்டிய முதல் அம்பு அது. நான்காவதற்கும் ஒட்டத்தான் வேண்டும். அதை நீ ஒட்டிக்கொள் என்று ஒன்றை உரிக்காமல் அட்டையோடு வைத்திருக்கிறேன்.

நடப்பவர்கள் உன்னைத் தாண்டிப் போகும் வேகத்தில் போனால் நீ விழுவாய், அம்மிணி. உனக்கு அடங்காத வேகம் எதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. நாலு ரோட்டில் இறங்கித் தள்ளாதே. விளக்கு மாறியதும் மிதித்துப் போ.

அப்பா